எட்டுப் புதுசு, ஒரு பழசு

அவன் செத்தபோது பாடை தூக்க ஆள் தேறவில்லை. என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும் என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அன்றைக்குப் புல் அறுக்கவுமில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். செத்தவனைப் பற்றிக் கெட்டது பேசக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது பேச விட்டிருந்தால் அப்போதே பேசி முடித்திருப்பேன். வயதில் என்னைவிட மூத்தவன்தான், ஆனாலும் 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பெயரையும் எழுதப் போவதில்லை.

மலாயாவில், பெடாஸ் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். அவசரகாலம் வந்ததும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த லய வீடுகளைக் காலி செய்து, எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். வாசல் ஒன்றுதான். விடிந்ததும் திறப்பார்கள், இருட்டுவதற்குள் பூட்டுவார்கள். வெளியே போகிறவன் மடியில் ஒரு பிடி அரிசி இருக்கக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடும் என்று சர்க்காருக்குப் பயம். ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போகிறவனின் மத்தியானச் சோற்றைக்கூட வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வாசலை ஒட்டி, ரப்பர்ப்பால் நிறுக்கும் கொட்டகைக்கு எதிரே, நாலு தகரத்தைச் சாய்த்துப் போட்டு அவன் சைக்கிள் பட்டறை வைத்திருந்தான். வேலிக்குள் இருந்த அத்தனை சைக்கிளுக்கும் அவன் ஒருவன்தான் வைத்தியன்.

தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அவன் காதைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். குனிந்த தலை நிமிராமல் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பான். முதுகுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வரும். "என்ன மண்டோரே, காலையிலேயே வீட்ல சண்டையா? இந்த மிதி மிதிக்கிறீங்க" என்பான். வந்தது கூலிகளை மேய்க்கும் மண்டோராகத்தான் இருக்கும். சண்டையும் நடந்திருக்கும். கணக்கெழுதும் கிராணி, மருந்தூட்டும் டிரஸ்ஸர், துரை பங்களாவின் குசினிக்காரன் என்று ஒருவரையும் அவன் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. வரும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கொட்டகையில் வரிசையில் நிற்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். முள்கம்பிக்குள் சிரிப்பதற்கு வேறு என்ன இருந்தது?

சிரிப்பில் ஒரு முள்ளும் இருந்தது, அது எங்களுக்கு உறைக்கவில்லை. யார் எப்போது வெளியே போனான், வழக்கமாக வரும் நேரத்தைவிட எவ்வளவு பிந்தி வந்தான், எந்தப் பாதையிலிருந்து திரும்பினான் எல்லாம் அவனுக்குத் தெரியும். "நேத்து டிரஸ்ஸர் சைக்கிள் கோயில் பக்கமாப் போய் வந்துச்சே, அங்க யாருக்குக் காய்ச்சல்?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்பான். கேட்டுவிட்டு மறுபடி வேலையில் குனிந்துகொள்வான். கேட்கப்பட்டவன் அன்று பூராவும் தலை குனிந்து திரிவான்.

கை சுத்தமான வேலைக்காரன். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சக்கரம் இறுகிப்போய்க் கரகரக்கிறது என்று கொண்டுபோனால், பின் சக்கரத்தைக் கழற்றிச் சாக்கின் மேல் படுக்கவைப்பான். அச்சை உருவும்போது உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகளில் ஒன்றுகூட மண்ணில் உருளாது. உள்ளங்கையைக் குழித்து அடியில் பிடித்திருப்பான். அவற்றை மண்ணெண்ணெயில் அலசி, துணியில் உருட்டித் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். மங்கியது, புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் ஒதுக்குவான். பிறகு குண்டு உட்காரும் கிண்ணத்தில் கிரீஸ் பூசி, விரல்நுனியிலும் கொஞ்சம் கிரீஸ் தொட்டு, புதுக்குண்டு ஒவ்வொன்றையும் அதில் ஒட்டி எடுத்து வட்டமாக அடுக்குவான். பின் சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது. இன்னொன்றைத் திணிக்க இடம் இருப்பதுபோலத் தெரியும், திணிக்க மாட்டான். உருள இடம் வேண்டும் என்பான். மேலே, குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை வைத்து விரலால் முடுக்கி, முடுக்கியதைச் சற்றே தளர்த்திவிட்டு, சக்கரத்தைச் சுழற்றிக் காதைச் சாய்ப்பான். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது.

ஆனால் அந்த ஒன்பதில் எட்டுத்தான் புதுசு. ஒன்பதாவது குண்டு மட்டும் ஒரு பழைய பால் டின்னிலிருந்து வரும். டின்னுக்குள் விரலை விட்டு வெகுநேரம் துழாவுவான். ஒன்றை எடுப்பான், வேண்டாம் என்று போடுவான், இன்னொன்றை எடுப்பான். எல்லாம் முகம் தேய்ந்த, ஓரம் பொரிந்த குண்டுகள். ஜப்பான்காரன் காலத்தில் புதுக்குண்டு கண்ணால் காணக் கிடைக்காது, அப்போது பழசைப் போட்டு ஓட்டினோம், சரி. சண்டை முடிந்து கடைகளில் காகிதப் பொட்டலத்தில் புதுசு வந்த பிறகும் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "கன்னுக்குட்டியைத் தனியா வண்டியில பூட்டுவியா தம்பி? பழகின மாடு ஒண்ணு பக்கத்துல நின்னாத்தானே அது வழிக்கு வரும். குண்டும் அப்படித்தான்லா" என்றான்.

எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏரையும் வண்டியையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். மாட்டு நியாயம் பேசினால் மறுவார்த்தை கிடையாது. இரும்புக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோட்டம் முழுக்க எட்டுப் புதுசு ஒரு பழசோடு ஓடியது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம். மாட்டை வைத்தே பிழைத்த எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

நான் மரம் சீவுகிறவன் இல்லை. இரண்டு பசு வைத்திருந்தேன். தோட்டத்தில் பால் என்றால் ரப்பர்ப்பால், நான் விற்றது மாட்டுப்பால். காலையில் கறந்து, சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டு, பெடாஸ் காப்பிக்கடைகளுக்குக் கொண்டுபோவேன். அவ்வளவு பாரத்துக்கு என் பின் சக்கரம் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் கெடும். ஒருநாள் பிண்ணாக்கு வாங்கத் தம்பின் டவுன் வரைக்கும் போனவன், திரும்பும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுபோய், அங்கேயே ஒரு சீனருடைய சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடை முதலாளியான தவுக்கே சக்கரத்தைப் பிரித்து, குண்டுகளைக் கையில் கொட்டி ஒரே பார்வை பார்த்தார். பழசை மட்டும் இரண்டு விரலால் எடுத்துக் கால்வாயில் வீசினார். உனக்கும் உன் சைக்கிளுக்கும் ஏதாவது பகையா என்று மலாயில் கேட்டார். மாற்றினால் ஒன்பதையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழசையும் புதுசையும் கலந்தவன் வேலை தெரியாதவன் அல்லது வேண்டுமென்றே செய்தவன் என்றார். கோனையும் மாற்றி, ஒரே பொட்டலத்துக் குண்டு ஒன்பதையும் போட்டுக் கொடுத்தார். சத்தமே இல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

வாசலுக்குள் நுழைந்தபோது அவன் நிமிர்ந்து பார்த்தான். யார் வந்தாலும் நிமிராதவன் நிமிர்ந்தான். யார் கை வைத்தது என்று கேட்டான், சொன்னேன். முகம் கறுத்துப்போயிற்று. தம்பின்காரன் வேலை தாங்காது, விட்டுவிட்டுப் போ, சும்மாவே சரி பண்ணித் தருகிறேன் என்றான். நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து வாசலில் என் பாலுக்குள் கம்பி விட்டுத் துழாவ ஆரம்பித்தார்கள். கேனின் அடியில் அரிசி இருக்கிறதாம். துருப்பிடித்த கம்பி, நேற்று யார் வீட்டு மூட்டையைக் குத்தியதோ அதே கம்பி. காப்பிக்கடைக்காரர்கள் பாலில் மண் கிடக்கிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். காவலரைக் கெஞ்சினேன். அவர் பட்டறைப் பக்கம் பார்த்தார். அங்கே அவன் குனிந்து அரத்தால் என்னவோ ராவிக்கொண்டிருந்தான். வாரக்கடைசியில் சைக்கிளைக் கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தினேன். ஒன்பதையும் பிரித்து, ஒரு புதுசை எடுத்துவிட்டு, டின்னிலிருந்து ஒரு பழசைப் போட்டான். சக்கரத்தைச் சுழற்றிக் கேட்டான். பசி ஆறினவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம். அடுத்த நாள் கம்பியைக் காணோம். தொழில் பொறாமை, வேறென்ன என்று நினைத்து மனசுக்குள் திட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் மரம் சீவுகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாது. அண்ணிக்கு அப்போது மசக்கை. சோறு இறங்கவில்லை, மாங்காய் மாங்காய் என்று தவித்தார். நாங்கள் முன்பு இருந்த பழைய லயத்துக்கு முன்னால் ஒரு மாமரம் உண்டு. லயத்தை இடித்துவிட்டார்கள், மரம் நின்றது. காட்டோரம், யாரும் போகக் கூடாது என்று தடை போட்ட இடம். அண்ணன் காலையில் வாசல் திறந்ததும் தான் சீவும் மர நிரைக்குப் போகிற வழியில் அங்கே சைக்கிளைத் திருப்பி, நாலு காயைப் பறித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். ஒருதரம் போனவர் அண்ணி கேட்டதற்காக மறுபடியும் போனார்.

இரண்டாம் தரம் போனபோது அந்தப் பக்கம் பதுங்கியிருந்த ரோந்துப் போலீஸ்காரர்கள் காதில் சைக்கிள் சத்தம் விழுந்தது. பனி மூட்டம், ஆள் தெரியவில்லை. போய்த் தேடியதில் இடிந்த லயத்தின் அடுப்பங்கரையில் ஒரு தகர டின் நிறைய அரிசி இருந்தது. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அண்ணன் இல்லை. எங்கள் வீட்டில் அளந்து கொடுத்த அரிசி எங்களுக்கே போதாது.

அன்று மத்தியானம் நான் காலிக் கேன்களோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சீவியவர்கள் ரப்பர்ப்பாலை நிறுக்கக் கொட்டகையில் வரிசையாக நின்றார்கள், அவர்களுடைய சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. ரோந்தில் இருந்த மலாய் சார்ஜண்ட் ஓர் அதிகாரியோடு நேரே பட்டறைக்கு வந்தார். காலையில் கேட்ட சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். டக். கொஞ்சம் விட்டு, டக்டக். அவன் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை செய்யச் சொன்னான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுவரோரம் நடந்து, ஒவ்வொரு சைக்கிளாகத் தாண்டி, என் அண்ணனுடைய சைக்கிளின் சீட்டில் கை வைத்தான். பின் சக்கரத்தைத் தூக்கி, மிதியைக் கையால் சுழற்றினான்.

டக். டக்டக்.

சார்ஜண்ட் தலையை ஆட்டினார். அண்ணன் வாளியைக் கீழே வைக்கவும் மறந்துபோய் நின்றுகொண்டிருந்தார். அங்கே போனாயா என்று கேட்டதற்குப் போனேன் என்றார். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, உப்பு ஒட்டியிருந்த மாங்கொட்டைகளை முந்தானையில் காட்டினார். அதிகாரி அதைப் பார்க்கக்கூட இல்லை. அண்ணனை லாரியில் ஏற்றினார்கள், சைக்கிளையும் ஏற்றினார்கள்.

லாரி போனதும் நான் பட்டறைக்குப் போனேன். அவன் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? உங்க அண்ணன் பேரு என் வாயில வந்துச்சா? கேட்டாங்க, சைக்கிளைக் காட்டினேன்."

"எல்லா சைக்கிள்லயும் பழைய குண்டு போட்டீங்களே, இதுக்குத்தானா?"

"ஒன்பதும் புதுசாப் போட்டா எல்லா சைக்கிளும் ஒரே மாதிரி ஓடும் தம்பி. அப்புறம் யாரு போறா, யாரு வர்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதைச் சொன்னபோது அவன் குரலில் குற்ற உணர்வும் இல்லை, பயமும் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தேன் என்பவனுடைய குரல். போலீஸ் அவனுக்கு ஏதும் கொடுத்ததா என்று பிறகு பலரிடம் விசாரித்தேன். ஒன்றும் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. காசுக்காகச் செய்திருந்தால் காசு பிடித்த நாய் என்று துப்பிவிட்டுப் போயிருப்பேன். யார் எங்கே போகிறார்கள் என்று தெரிந்துகொள்வதிலேயே அவனுக்கு வயிறு நிறைந்தது. அதற்காகத்தான் எங்கள் ஒவ்வொருவர் சக்கரத்திலும் ஒவ்வொரு பழுதைத் தேடித் தேடி வைத்திருக்கிறான். அவன் மண்டையில் ஸ்பேனரால் போட வேண்டும் என்று கை துடித்தது. வாசலில் துப்பாக்கியோடு காவலர் நின்றார்.

அண்ணனைச் செரம்பானில் வைத்திருந்தார்கள், பிறகு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு என்று ஒன்று நடக்கவில்லை. கடைசியில் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். அண்ணன் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்தில். அந்தத் தேசத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு முகம் கிடையாது. அண்ணி விரும்பினால் கூடப் போகலாம் என்றார்கள். அண்ணி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிள்ளை எங்கே பிறந்தால் என்ன, அப்பா பக்கத்தில் இருந்தால் சரி என்று மட்டும் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் போலீஸ்காரர்கள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார்கள். புறப்படுகிற அன்று, எல்லோரும் பால் நிறுக்கிற நேரத்தில், அண்ணி அதைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். சைக்கிள் டக் டக்டக் என்றபடியே வந்தது. கொட்டகையில் பேச்சு அடங்கியது. அவன் குனிந்தே இருந்தான், கை மட்டும் நின்றுவிட்டது. அண்ணி பட்டறைக்குள் போய் அவனுக்கு நேரே சைக்கிளை நிறுத்தினார்.

"அவரு சைக்கிளு. கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம். உனக்குக் குடுத்துட்டுப் போறேன்."

"எனக்கு எதுக்கும்மா இது" என்றான்.

"வச்சுக்க. இனிமே இந்தச் சத்தம் உன்னோடது. இங்க எல்லாருக்கும் தெரியட்டும். காட்டுல இருக்கிறவங்களுக்கும் காது இருக்கு."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். காட்டிக் கொடுத்தவனைக் காட்டுக்காரர்கள் விட்டுவைப்பதில்லை என்பது அன்றைக்குத் தோட்டத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவன் கொட்டகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான். பிறகு அவசர அவசரமாகச் சக்கரத்தைக் கழற்றினான். குண்டுகள் மண்ணில் உருண்டு ஓடின. அவன் கையிலிருந்து குண்டு விழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஒன்பது புதுசை எடுத்தான். பால் டின் பக்கம் கை போகவில்லை. அடுக்கினான், கோனை முடுக்கினான், சுழற்றினான்.

டக். டக்டக்.

வருஷக்கணக்காக அந்தப் பொரிந்த குண்டு உருண்டு உருண்டு கோனிலும் கிண்ணத்திலும் பள்ளம் பறித்திருந்தது. எத்தனை புதுக்குண்டு போட்டாலும் அந்தப் பள்ளத்தில் இறங்கித்தான் ஏறும். கோனைக் கழற்றி வேறு கோன் போட்டான். சத்தம் கொஞ்சம் மெலிந்ததே தவிர நிற்கவில்லை. கிண்ணம் சக்கரத்தின் நடுக்கட்டையிலேயே அறைந்து பொருத்தியது, அதை மாற்ற அவனிடம் வழியில்லை. மறுபடி சுழற்றினான், மறுபடி கேட்டான். கொட்டகையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

"தம்பி, இதக் கொண்டு போயிடு தம்பி" என்றான். "உன் கால்ல விழறேன், இது இங்க நிக்க வேணாம்."

எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அது எங்கள் சைக்கிள் இல்லை என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அண்ணி வாசலைத் தாண்டிப் போய்விட்டார், செரம்பான் பஸ் வருகிற நேரம். கிள்ளான் துறைமுகத்தில், கப்பல் கிளம்புவதற்கு முன் என் அண்ணனைப் பார்க்க ஒரே ஒரு தரம் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த ஆளோடு நின்று அதை இழக்க எனக்கு மனமில்லை.